பாலிமர் சூரிய மின்கல ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஓர் ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் மூன்று எண்கள் இருக்கும்: மொத்த மேற்கோள்கள் (இவருடைய கட்டுரைகளை மற்ற கட்டுரைகள் குறிப்பிட்ட தடவைகள்), எச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ் (இந்த இரண்டையும் ஏழாம் படியில் விளக்குகிறேன்). பணித் தேர்வுக் குழுவில் இருப்பவர், வழிகாட்டியைத் தேடும் மாணவர், விருதுக்குப் பரிந்துரை எழுதுபவர் என்று பலரும் இந்த மூன்றைப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பாலிமர் (பிளாஸ்டிக் வகைப் பொருள்) கொண்டு செய்யும் சூரிய மின்கலத் துறையிலும், கார்பன் சேர்மங்களால் மின்னணுக் கருவிகள் செய்யும் கரிம மின்னணுவியலிலும் அப்படி முடிவெடுத்தால் தவறு நேர வாய்ப்பு அதிகம். மேற்கோள் எண்ணிக்கையை ஊதிப் பெரிதாக்கும் காரணங்களும் இங்கே உண்டு, நல்ல வேலையைக் கண்ணில் படாமல் செய்துவிடும் காரணங்களும் உண்டு.

என் அனுபவத்தில், ஒருவருடைய மேற்கோள் கணக்கை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்க ஒரு முழு நாள் போதும். அந்த ஒரு நாளில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். ஒரு எக்செல் தாளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரி.

முதல் படி: கேள்வியை எழுதி வையுங்கள்

"இவருடைய தாக்கம் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இவர் உருவாக்கிய பொருளை மற்ற ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றனவா?", "கடந்த ஐந்து ஆண்டுகளில் இவருடைய சொந்தக் குழுவிலிருந்து வந்த வேலை கவனிக்கப்பட்டிருக்கிறதா?" என்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் உண்டு. கேள்வி மாறினால் கணக்கும் மாறும். மாணவர் சேர்க்கைக்காகப் பார்க்கிறவருக்குப் பழைய மேற்கோள்கள் பெரிதாக உதவாது. வாழ்நாள் விருதுக்குப் பார்க்கிறவருக்கு அவைதான் முக்கியம்.

இரண்டாம் படி: ஆள் சரியான ஆள்தானா?

இது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்கின. இந்தத் துறையில் சீன, கொரியப் பெயர்கள் மிக அதிகம். ஆய்விதழ்களோ முதலெழுத்தும் குடும்பப் பெயருமாகச் சுருக்கி அச்சிடும் பழக்கம் உள்ளவை. "ஒய். லீ", "ஒய். யாங்", "எஃப். ஹுவாங்" என்று தேடினால் பல ஆய்வாளர்களின் கட்டுரைகள் ஒரே குவியலாக வந்து விழும். அவர்களில் பலர் அதே கரிம மின்கலத் துறையில், சில சமயம் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில் எழுதியிருப்பார்கள். தலைப்பை வைத்துப் பிரிக்க முடியாது.

அதனால் பெயரை வைத்துத் தேடாமல் அடையாள எண்ணை வைத்துத் தேடுங்கள். 2012 முதல் இயங்கும் ஆர்கிட் (ORCID) அமைப்பு ஒவ்வோர் ஆய்வாளருக்கும் 16 இலக்க எண் தருகிறது. அது கிடைத்தால் வேலை எளிது. கிடைக்காவிட்டால் ஆய்வாளரின் நிறுவனப் பக்கத்தில் இருக்கும் வெளியீட்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கூகுள் ஸ்காலர் பக்கங்களில் கட்டுரைகள் தானாகவே சேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டவர்களின் பக்கத்தில், அவர் படித்தே இராத துறையின் கட்டுரைகூட உட்கார்ந்திருக்கும். ஒருமுறை ஒருவருடைய கணக்கை முழுவதும் போட்டு முடித்த பிறகுதான், அதிகம் மேற்கோள் பெற்ற ஐந்து கட்டுரைகளில் ஒன்று வேறொருவருடையது என்று கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து முதல் முப்பது கட்டுரைகளையாவது திறந்து, ஆசிரியர் பெயருக்குக் கீழே உள்ள நிறுவன முகவரியைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை.

மூன்றாம் படி: இரண்டு தரவுத்தளங்களில் எடுங்கள், தேதி போடுங்கள்

கூகுள் ஸ்காலர் முனைவர் பட்ட ஆய்வேடுகள், முன்பதிப்புகள் (ஆய்விதழ் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிடும் கட்டுரைகள்), மாநாட்டுக் கட்டுரைகள், நூல்கள் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் என்ற சந்தாத் தரவுத்தளங்கள் இரண்டும் தேர்ந்தெடுத்த ஆய்விதழ்களையும் தொகுதிகளையும் மட்டும் எண்ணும். அதனால் ஒரே ஆளுக்கு கூகுள் எண் பெரும்பாலும் மற்ற இரண்டைவிடக் கூடுதலாக இருக்கும். எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே தரவுத்தளத்தைப் பயன்படுத்தினால் போதும். ஒருவருக்கு ஸ்காலர் எண்ணும் இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண்ணும் போட்டு ஒப்பிட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

சந்தா இல்லாதவர்களுக்கு 2022 தொடக்கத்தில் வந்த ஓப்பன்அலெக்ஸ் நல்ல வழி. இலவசம், தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். எதில் எடுத்தாலும் எடுத்த நாளைத் தாளின் தலையில் எழுதுங்கள்.

நான்காம் படி: கட்டுரைகளை இனம் பிரியுங்கள்

எக்செல் தாளில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி போட்டு, பக்கத்தில் "வகை" என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். சொந்த ஆய்வு, ரிவ்யூ (பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை), அளவீட்டு வழிமுறை, தரவுத் தொகுப்பு என்று நான்கு வகை போதும்.

இந்தப் பிரிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தத் துறையில் மிக அதிகம் மேற்கோள் பெறும் எழுத்துகளில் பல ரிவ்யூக்கள். கெமிக்கல் ரிவ்யூஸ் இதழில் 2007இல் குனேஷ், நொய்கெபாவர், சாரிசிஃப்ட்சி எழுதிய ரிவ்யூவையும், 2009இல் பாலிமர் தயாரிப்பு முறைகளைப் பற்றி அதே இதழில் வந்த ரிவ்யூவையும் அந்தக் காலத்து ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். அவை நல்ல எழுத்துகள். துறைக்குள் புதிதாக வந்த எத்தனையோ மாணவர்களுக்குக் கதவைத் திறந்தவை. ஆனால் ரிவ்யூ பெறும் மேற்கோளும் புது மூலக்கூறைக் கண்டுபிடித்த கட்டுரை பெறும் மேற்கோளும் ஒன்றல்ல.

தரவுத் தொகுப்பு என்றால், மார்ட்டின் கிரீன் குழுவினர் 1993 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் சூரிய மின்கலத் திறன் (விழும் ஒளியில் மின்சாரமாகும் பங்கு) அட்டவணைகளைப் போன்றவை. அன்றைய சாதனை எண் எது என்று சொல்ல வேண்டிய ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அளவீட்டு வழிமுறைக்கு உதாரணம், கரிம மின்கலங்களின் ஆயுளை எப்படிச் சோதிப்பது என்று பல ஆய்வகங்கள் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஐஎஸ்ஓஎஸ் நெறிமுறை. ஆசிரியர் பட்டியல் நீளமானது. மேற்கோளும் ஏராளம். அந்த மேற்கோள் துறை முழுவதற்கும் பொதுச்சொத்து மாதிரி. அதில் ஒரு பெயராக இருந்ததற்காக ஒருவரைத் தனியாகத் தூக்கி வைக்கவும் கூடாது, ஒன்றுமில்லை என்று தள்ளவும் கூடாது.

ஐந்தாம் படி: தலைப்பு வாரியாகப் பிரியுங்கள்

இன்னொரு நெடுவரிசை: "எதைப் பற்றி". ஃபுல்லரின் (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) கலந்த பாலிமர் மின்கலம், ஃபுல்லரின் அல்லாத ஏற்பி (பாலிமரிலிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பொருள்), கரிம டிரான்சிஸ்டர், ஓஎல்இடி (கரிம ஒளி உமிழ் டையோடு), பெரோவ்ஸ்கைட் (ஒரு வகைப் படிகப் பொருள்), பிற.

பெரோவ்ஸ்கைட்டைத் தனியாக எடுக்காமல் கணக்கு போட்டால் படம் முழுவதும் கோணலாகிவிடும். 2009இல் மியாசாகா குழு பெரோவ்ஸ்கைட்டைச் சூரிய மின்கலத்தில் பயன்படுத்தி 3.8 சதவீதத் திறன் காட்டியது. 2012இல் திடநிலை மின்கலங்கள் வந்ததும் துறை வெடித்துப் பரவியது. கரிம மின்கலத்தில் வேலை செய்துகொண்டிருந்த எத்தனையோ குழுக்கள் அந்தப் பக்கம் போயின. அவர்களிடம் கரைசலிலிருந்து படலம் பூசும் கைப்பழக்கமும் இடைப்படல அறிவும் ஏற்கெனவே இருந்தன, அதனால் அது இயல்பான நகர்வு. ஆனால் பெரோவ்ஸ்கைட் கட்டுரைகளுக்கு மேற்கோள் குவியும் வேகமே வேறு. "பாலிமர் மின்கலத்தில் இவ்வளவு மேற்கோள்" என்று சொல்லப்படும் ஒருவரின் எண்ணில் பாதி, 2013க்குப் பிறகு அவர் எழுதிய சில பெரோவ்ஸ்கைட் கட்டுரைகளிலிருந்து வந்திருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வது அவருக்கும் மரியாதை, படிப்பவருக்கும் நியாயம்.

ஆறாம் படி: காலவரிசையில் வைத்துப் பாருங்கள்

மேற்கோள்கள் எந்த ஆண்டில் வந்தன என்று வரைபடம் போடுங்கள். அப்புறம் அதைத் துறையின் வரலாற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கேதான் எண்கள் பேசத் தொடங்கும்.

சுருக்கமாக அந்த வரலாறு இது. 1977இல் ஹீகர், மக்டயர்மிட், ஷிராகாவா மூவரும் பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தும் என்று காட்டினார்கள். 2000இல் அதற்கு வேதியியல் நோபல் கிடைத்தது. 1986இல் கோடாக் நிறுவனத்தில் டாங் இரண்டு கரிமப் படலங்களை ஒட்டவைத்து ஏறக்குறைய 1 சதவீதத் திறன் எட்டினார். 1992இல் ஒளி பட்டதும் பாலிமரிலிருந்து ஃபுல்லரினுக்கு எலக்ட்ரான் தாவுகிறது என்று சாரிசிஃப்ட்சியும் ஹீகர் குழுவினரும் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். 1995இல் அதே இதழில் யூ, காவ், ஹும்மலென், வுட்ல், ஹீகர் எழுதிய கட்டுரை பாலிமரையும் ஃபுல்லரினையும் ஒரே படலமாகக் கலந்து பூசும் வழியைக் காட்டியது. இன்றும் துறையின் அடித்தளம் அப்படிக் கலந்து பூசும் வழிதான்.

2005இல் யாங் யாங் குழு நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் பி3எச்டி என்ற பாலிமரும் பிசிபிஎம் என்ற ஃபுல்லரினும் சேர்ந்த கலவையை மெதுவாக உலரவிட்டால் திறன் 4.4 சதவீதம் வரை ஏறுகிறது என்று எழுதியது. அடுத்த சில ஆண்டுகள் பி3எச்டியின் காலம். 2010இல் லூபிங் யூ குழுவின் பிடிபி7 பாலிமர் 7.4 சதவீதம் தந்தது. 2015இல் ஷாவ்வெய் ஷான் குழுவின் ஐடிஐசி மூலக்கூறு ஃபுல்லரினுக்கு மாற்று உண்டு என்று நம்பவைத்தது. 2019இல் யிங்பிங் ஸோ குழுவின் ஒய்6 மூலக்கூறு 15.7 சதவீதத்தோடு ஜூல் இதழில் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் மேற்கோள்கள் ஆயிரங்களைத் தாண்டிவிட்டன.

இப்போது உங்கள் ஆய்வாளரின் வரைபடத்தைப் பாருங்கள். 2008 முதல் 2014 வரை குன்று மாதிரி ஏறி, பிறகு இறங்கியிருக்கிறதா? அப்படியென்றால் அவர் வேலை பி3எச்டி காலத்தோடு பிணைந்திருக்கலாம். அது குறை இல்லை. ஒரு பொருளின் காலம் முடிந்தால் அதைப் பற்றிய கட்டுரைகளின் மேற்கோளும் குறையத்தான் செய்யும். ஆனால் பொருள் மாறிய பிறகும் ஒரு கட்டுரைக்கு மேற்கோள் வந்துகொண்டே இருந்தால், அதில் பொருளைத் தாண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். 1995ஆம் ஆண்டுக் கட்டுரை அப்படிப்பட்டது. அதில் வந்த பாலிமரை இன்று யாரும் சாதனைக்காகப் பயன்படுத்துவதில்லை, கலவை என்ற கருத்தோ ஏறக்குறைய எல்லாக் கரிம மின்கலத்திலும் இருக்கிறது. நான் முதலில் தேடுவது இப்படி நீளும் வாலைத்தான்.

ஏழாம் படி: கணக்கு

எச்-இன்டெக்ஸ் 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது. குறைந்தது எச் மேற்கோள்கள் பெற்ற எச் கட்டுரைகள் ஒருவரிடம் இருந்தால் அவருடைய எண் எச். ஐ10 என்பது 10 அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை.

ஒரு கற்பனைப் பட்டியலைக் கையால் போட்டுப் பார்ப்போம். ஆய்வாளரிடம் 12 கட்டுரைகள். மேற்கோள்கள் இறங்குவரிசையில்: 1800, 420, 310, 95, 60, 44, 31, 22, 12, 9, 9, 7. முதலில் இருக்கும் 1800 ஒரு ரிவ்யூ. மொத்தம் 2819. ஒன்பதாவது கட்டுரைக்கு 12 மேற்கோள், அது 9ஐவிடக் கூடுதல். பத்தாவதுக்கு 9 மேற்கோள்தான், 10க்குக் குறைவு. ஆகவே எச்-இன்டெக்ஸ் 9.

சரி, ரிவ்யூவை எடுத்துவிடுங்கள். மொத்தம் 1019 ஆகச் சரிகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எச்-இன்டெக்ஸ்? ஒன்பதாவது இடத்துக்கு இப்போது 9 மேற்கோள் பெற்ற கட்டுரை வருகிறது. எண் 9ஆகவே இருக்கிறது! ஒரே ஆளுக்கு ஒரு எண் தலைகீழாகிறது, இன்னொன்று அசையவே இல்லை. மொத்த மேற்கோள் ஒற்றைக் கட்டுரையால் ஆட்டம் காணும். எச்-இன்டெக்ஸோ, ஒற்றைக் கட்டுரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாது. ஒய்6 மாதிரி துறையையே திருப்பிய ஒரு கட்டுரை எச்-இன்டெக்ஸில் ஒரே ஒரு புள்ளிதான் கூட்டும். அதனால் நான் எப்போதும் ரிவ்யூவோடும் ரிவ்யூ இல்லாமலும் இரண்டு வரிசையாக எழுதுகிறேன்.

எச்-இன்டெக்ஸ் இறங்குவதே இல்லை, வயது ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். இதைச் சரிசெய்ய, முதல் கட்டுரை வெளியான ஆண்டிலிருந்து கடந்த ஆண்டுகளால் அதை வகுத்துப் பார்க்கும் வழியையும் ஹிர்ஷே சொன்னார். இளம் ஆய்வாளர்களை மூத்தவர்களோடு ஒப்பிடும்போது அது ஓரளவு உதவும். மகப்பேறு விடுப்போ தொழில்துறை வேலையோ இடையில் இருந்தால் அந்த ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை ஆள்மீது ஏற்றாதீர்கள். அது ஒரு ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு அடுத்த ஆண்டில் வந்த மேற்கோள்களின் சராசரி. அதே இதழில் வந்த ஒரு கட்டுரைக்கு 2000 மேற்கோளும் பக்கத்தில் வந்ததற்கு 6 மேற்கோளும் இருக்கும். 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான, ஆய்வு மதிப்பீடு பற்றிய டோரா பிரகடனம் முதலில் கேட்டுக்கொண்டதே இதைத்தான்.

எட்டாம் படி: எதோடு ஒப்பிடுவது?

கரிம வேதியியலாளரின் மேற்கோளைக் கணிதவியலாளரோடு யாரும் ஒப்பிடுவதில்லை. ஆனால் பாலிமர் தொகுப்பவரை (வேதிவினையால் தயாரிப்பவரை) மின்கலம் செய்பவரோடு ஒப்பிடும் தவறு தினமும் நடக்கிறது. ஒரு கட்டுரையின் மேற்கோளை அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 60 மேற்கோள் பெற்ற கட்டுரை, சராசரி 20 என்றால், விடை 3. ஸ்கோபஸில் இதற்கென்று துறை சார்ந்த எடையிட்ட எண்ணே இருக்கிறது. அதில் 1 என்பது உலகச் சராசரி. ஒரே ஒரு சிக்கல்: தரவுத்தளங்கள் இந்தக் கட்டுரைகளைப் பொருளறிவியல், பயன்பாட்டு இயற்பியல், இயற்பிய வேதியியல் என்று ஆய்விதழை வைத்துச் சிதறடிக்கும். நேரம் இருந்தால் அதே ஆண்டில் அதே பொருளைப் பற்றி வந்த இருபது முப்பது கட்டுரைகளை நீங்களே தேடி எடுத்து, அந்தக் கூட்டத்தில் இந்தக் கட்டுரை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எந்தத் தானியங்கி எண்ணையும்விட அது நம்பகமானது.

ஒன்பதாம் படி: அந்தக் கட்டுரையில் இவர் என்ன செய்தார்?

நல்ல மின்கலக் கட்டுரை ஒன்றுக்குப் பின்னால் பாலிமரைத் தொகுத்தவர், மின்கலம் செய்தவர், எக்ஸ்-கதிர் சிதறலால் படலத்தின் அமைப்பை அளந்தவர், கணினியில் ஆற்றல் மட்டங்களைக் கணித்தவர், திறனைச் சான்றளித்தவர் என்று ஒரு கூட்டமே இருக்கும். யாங் யாங் குழுவின் 2005 கட்டுரையிலேயே அமெரிக்க தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தின் கீத் எமரி கூட்டாசிரியர். அங்கே மின்கலங்களின் திறனை அளப்பது அவருடைய வேலையாக இருந்தது.

முதல் ஆசிரியராக, தொடர்பு ஆசிரியராக (கட்டுரைக்குப் பொறுப்பேற்று ஆய்விதழோடு தொடர்பு வைத்திருப்பவராக), நடுவில் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். நடுப்பெயர்களை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். ஒத்திசைவு முடுக்கி (வலுவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய இயந்திரம்) ஆய்வகங்களில் படலங்களை அளக்கும் திறமைசாலி ஒருவர் டஜன் கணக்கான கட்டுரைகளில் நடுவில்தான் இருப்பார். அவர் இல்லாமல் அவற்றில் பாதி விளக்கம் இருந்திருக்காது. பல ஆய்விதழ்கள் இப்போது கட்டுரையின் கடைசியில் யார் என்ன செய்தார் என்று அச்சிடுகின்றன. அதைப் படியுங்கள்.

பத்தாம் படி: மேற்கோள் வந்த வாக்கியத்தைப் படியுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். முதல் ஐந்து சொந்த ஆய்வுக் கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளிலிருந்து பத்து பத்தாகக் குலுக்கல் முறையில் எடுங்கள், புதிதாக வந்தவற்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஐம்பது கட்டுரைகள். அவற்றில் உங்கள் ஆய்வாளரின் கட்டுரைக்கு உரிய மேற்கோள் எண் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வாக்கியத்தை அப்படியே நகலெடுங்கள்.

பெரும்பாலும் முதலில் கிடைப்பது இந்த மாதிரி வாக்கியம்: "கரிம சூரிய மின்கலங்கள் எடை குறைந்தவை, வளையக்கூடியவை, கரைசலிலிருந்து அச்சிடத்தக்கவை [1–14]." துறையில் இருக்கும் யாருக்கும் இது மனப்பாடம். அந்தப் பதினான்கில் ஒன்றாக இருப்பது வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பது போலத்தான். அதை "கூட்டத்தில் ஒன்று" என்று குறியுங்கள்.

அடுத்து வருவது: "பாலிமர் முன்பு சொல்லப்பட்ட முறைப்படி தொகுக்கப்பட்டது [23]." இங்கே ஒருவர் இன்னொருவரின் செய்முறையைக் கையில் வைத்துக்கொண்டு குடுவையில் கலக்கியிருக்கிறார். இந்த ஒற்றை எண்ணுக்கு முன்னதைவிடப் பல மடங்கு எடை உண்டு. "பயன்படுத்தியது" என்று குறியுங்கள்.

பிறகு: "இதற்கு மாறாக, [31]இல் சொல்லப்பட்ட இடப்பெயர்ச்சித் திறனை எங்களால் மீட்டெடுக்க முடியவில்லை." இடப்பெயர்ச்சித் திறன் என்பது பொருளுக்குள் மின்னூட்டம் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதன் அளவு. இந்த மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுதான் கூட்டும். ஆனால் சொல்லும் செய்தி நேர்மாறு. கடைசியாக, எண்ணோடு ஆசிரியரின் பெயரையும் சொல்லி, அவருடைய மாதிரியை எடுத்து விரித்து விவாதிக்கும் வாக்கியங்கள். இவை அரிது. ஐம்பதில் ஐந்து இருந்தாலே அந்த ஆய்வாளரைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

செமாண்டிக் ஸ்காலர் தளத்தில் மேற்கோள் வந்த வாக்கியங்களைப் பின்னணி, முறை, முடிவு என்று பிரித்துக் காட்டும் வசதி இலவசமாகவே இருக்கிறது. தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் கடைசித் தீர்ப்பை உங்கள் கண்ணுக்கு விடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. எல்லோரும் பயன்படுத்தும் பொருளாகிவிட்டால் மேற்கோளே நின்றுபோகலாம். பிசிபிஎம் மூலக்கூறைத் தயாரிக்கும் முறையை ஹும்மலெனும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்டார்கள். பின்னாளில் அது புட்டியில் விலைக்குக் கிடைத்தது. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் செய்முறைப் பகுதியில் விற்பனையாளரின் பெயரை எழுதினார்கள், தயாரிப்பு முறையைக் கண்டவர்களின் கட்டுரையைக் குறிப்பிடாமலே போனவர்கள் ஏராளம். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்த நிகழ்வைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஒரு கருத்து முழுவதும் உள்வாங்கப்பட்டதும் அது எங்கிருந்து வந்தது என்ற தடயம் அழிந்துபோகிறது. பொருள் உருவாக்கும் ஆய்வாளரைப் பற்றி எழுதும்போது, அவருடைய பொருளின் பெயரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடி, எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்றும் பாருங்கள். மேற்கோள் எண்ணில் விழாத உழைப்பு அங்கே தெரியும்.

பதினொன்றாம் படி: அந்த எண் நிற்குமா?

அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை என்றால் சரியான கட்டுரை என்று பொருள் இல்லை. இதற்கு மிக வேதனையான சான்று கரிம மின்னணுவியலிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் கரிமப் படிகங்களில் டிரான்சிஸ்டர், மீக்கடத்தல் (தடையே இல்லாமல் மின்சாரம் கடத்துவது) என்று யான் ஹெண்ட்ரிக் ஷோன் அடுக்கடுக்காகக் கட்டுரைகள் எழுதினார். 2002 செப்டம்பரில் மால்கம் பீஸ்லி தலைமையிலான குழு, தான் ஆராய்ந்த 24 புகார்களில் 16இல் முறைகேடு நடந்திருக்கிறது என்றது. சயன்ஸ் 8 கட்டுரைகளையும் நேச்சர் 7 கட்டுரைகளையும் விலக்கிக்கொண்டன. அவரை நம்பி, அதே முடிவுகளை மீட்டெடுக்க முயன்று ஆண்டுகளை இழந்த மாணவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். விலக்கப்பட்ட கட்டுரைகளின் மேற்கோள்களைத் தரவுத்தளம் இன்றும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, விலக்கப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளம் 2023 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முதல் முப்பது கட்டுரைகளையும் அதில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

மோசடி அரிது. கவனக்குறைவான அளவீடு அவ்வளவு அரிதல்ல. மின்கலக் கட்டுரையைத் திறந்து மூன்றைப் பாருங்கள். செயற்கை ஒளிமூலத்தின் நிறமாலை (நிறக் கலவை) சூரிய ஒளியிலிருந்து வேறுபடுவதற்குத் திருத்தம் செய்தார்களா? மின்கலத்தின் பரப்பை மறைப்புத் தகடு வைத்து வரையறுத்தார்களா? ஒரு சதுர சென்டிமீட்டரில் சிறு பங்கே உள்ள மின்கலத்தில் ஓரங்களிலிருந்து சேரும் கூடுதல் மின்னோட்டம் திறனை உயர்த்திக் காட்டிவிடும். மூன்றாவது, நேரடியாக அளந்த மின்னோட்டமும், குவாண்டம் திறன் வளைவிலிருந்து (ஒவ்வொரு நிற ஒளியும் எவ்வளவு மின்னோட்டம் தருகிறது என்று காட்டுவது) கணக்கிட்ட மின்னோட்டமும் ஒத்துப்போகின்றனவா?

அந்த மூன்றாவதைப் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டுரை 0.84 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லி ஆம்பியர், நிரப்புக் காரணி (மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் எடுக்க முடிந்த பங்கு) 0.75 என்று சொல்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 15.75. உள்ளே விழும் ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லி வாட் என்பதால் அதுவே சதவீதம். இப்போது அதே கட்டுரையின் குவாண்டம் திறன் வளைவைத் தொகையிட்டால் 21 மில்லி ஆம்பியர்தான் வருகிறது என்றால், திறன் 13.2 சதவீதத்துக்கு இறங்குகிறது. சில சதவீத வேறுபாடு சகஜம். இவ்வளவு இடைவெளிக்கு விளக்கம் இல்லையென்றால், அந்தக் கட்டுரையின் மேற்கோளைப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியோடு எழுதுங்கள். டிரான்சிஸ்டர் கட்டுரைகளிலும் இதே கதைதான். மின்னோட்ட வளைவு நடுவில் முறிந்திருக்கும்போது செங்குத்தான பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இடப்பெயர்ச்சித் திறன் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

பன்னிரண்டாம் படி: சுய மேற்கோள்

ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் சுய மேற்கோளைக் கழித்துக் காட்டும். ஓரளவு சுய மேற்கோள் இயல்பு, ஒரே பொருளில் பத்தாண்டு உழைப்பவர் முந்தைய வேலையைச் சொல்லாமல் எப்படி எழுதுவார்? மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலில் ஒரே மூன்று நான்கு குழுக்களே திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். பல நாடுகள், பல குழுக்கள், தொழில்துறை முகவரிகள் என்று பரவியிருந்தால் நிம்மதி.

பதின்மூன்றாம் படி: எழுதுவது

கடைசியில் எண்ணைத் தனியாக விடாமல் ஒரு பத்தியாக எழுதுங்கள். மேலே கணக்குப் போட்ட கற்பனை ஆய்வாளருக்கு நான் இப்படி எழுதுவேன்:

"இன்ன தேதியில் ஸ்கோபஸ் தரவின்படி 12 கட்டுரைகள், 2819 மேற்கோள்கள். இதில் 1800 ஒரு ரிவ்யூவுக்கு உரியவை. அதை நீக்கினால் 1019. இரு கணக்கிலும் எச்-இன்டெக்ஸ் 9. சொந்த ஆய்வில் 420, 310 மேற்கோள் பெற்ற இரண்டும் பாலிமர் தொகுப்பு பற்றியவை, இரண்டிலும் இவர் தொடர்பு ஆசிரியர். முதல் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டிய ஐம்பதைப் படித்ததில் 29 பொதுக் குறிப்பு, 16 செய்முறையைப் பயன்படுத்தியவை, 4 விரிவான விவாதம், 1 முரண்படுவது. விலக்கப்பட்ட கட்டுரை இல்லை."

இதை அனுப்புவதற்கு முன் எக்செல் தாளை அந்த ஆய்வாளருக்கே ஒருமுறை அனுப்பிவையுங்கள். ஆய்வு மதிப்பீட்டு எண்களைப் பயன்படுத்துவது பற்றி 2015இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில் ஒன்று, மதிப்பிடப்படுபவர் தன்னைப் பற்றிய தரவைச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும் என்பது. ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். விடுபட்ட கட்டுரை, வேறொருவருடையது, வகை மாறிப்போனது என்று ஏதாவது ஒன்றை அவர் கண்டுபிடித்துச் சொல்வார்.